கல் முடியும் இடம்

எந்த ஊர்க் கரைக்குப் போனாலும் நான் தண்ணீரைப் பார்ப்பதில்லை. கல் அணை கட்டியிருக்கிறார்களா, கட்டியிருந்தால் அது எங்கே முடிகிறது என்றுதான் என் கண் தேடும். பாசிக்குடாவுக்குப் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப்போன அன்றும் அப்படித்தான். அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு விடுதியின் கருங்கல் சுவரோரமாக நடந்துபோய், அது முடியும் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். "உனக்கு ஓரிடத்தில இருக்க ஏலாதா?" என்று கணவர் எரிந்து விழுந்தார். ஏலாது. ஏன் ஏலாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர், சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. வாவி என்பது அரசாங்கக் கடிதத்தில் வரும் சொல். எங்கள் வாயில் அது ஆறுதான். எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் தாய் தன் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவாள். அடுத்தவளுக்கு அந்தப் பின்வளவு. இப்படி ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வீடு ரோட்டிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும். ஆகவே கரையோரத் துண்டு எப்போதும் கடைக்குட்டியுடையது. ஆறு தின்னத் தொடங்கினால் முதலில் தின்பது அவளுடைய சீதனத்தைத்தான்.

எங்கள் வீட்டில் ரோட்டோரம் அக்காவுக்கு, ஆற்றோரம் எனக்கு. வேலிக்கு அங்கால் இருந்தவளை நான் மச்சாள் என்பேன். சொந்தம் என்று தோண்டினால் எங்கோ ஒரு நூலிழை அகப்படும். அதை வைத்துக்கொண்டு முறை சொல்லிக் கேலி பேசுவோம். அவளுடைய புருஷன் ஆற்றில் வலை வீசுகிறவர். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு முன்வீடு என்று எப்போதோ முடிவாகியிருந்தது. இளையவளுக்குப் பின்வளவு, அதில் சமைக்கிற குசினிக்கும் தண்ணீருக்கும் இடையில் மூன்று தென்னைகள் நின்றன.

ஒரு காலத்தில் எங்கள் கரை முழுக்கக் கண்ணாக்காடு. புத்தகத்தில் கண்டல் என்று போடுவார்கள். சேற்றில் கால் பரப்பி நிற்கும் மரம். அது நின்றால் மண் நிற்கும், இறால் குஞ்சும் நிற்கும். சண்டைக் காலத்தில் அது ஆட்கள் ஒளிய மறைவாக இருக்கிறது, வெட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. வெட்டினோம். மச்சாளும் நானும் கொப்புகளை இழுத்து வந்து விறகாக அடுக்கினோம். "கண்ணா விறகில சோறு என்னமா வேகுதுகா!" என்று அவள் சொல்ல இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுத்த வைகாசியில் கச்சான் காற்று கிளம்பி, மேற்கிலிருந்து ஆற்றின் முழு அகலத்தையும் கடந்து அலையைக் கொண்டுவந்து எங்கள் கரையில் அடித்தபோதுதான் சிரிப்பு நின்றது. காற்று வருடத்துக்கு ஒருமுறை வரும். மண் திரும்பி வரவே இல்லை.

சுனாமி ஆற்றுப் பக்கமாக வரவில்லை, முதுகுப் பக்கமாக வந்தது. கடல் ரோட்டைத் தாண்டி, அக்காவின் வீட்டுக்குள்ளால் புகுந்து, என் வளவைக் கடந்து ஆற்றில் விழுந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வேலிக் கம்பியில் சிக்கிக் கிடந்த என்னைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுக் கூரைத் தட்டில் ஏற்றியவள் மச்சாள். பிறகு பல நாள், "மயிர் நீளமா வளத்ததுக்கு இண்டைக்குத்தான் பலன் கிடைச்ச" என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வடிந்தபோது கரை இன்னும் உள்ளே வந்திருந்தது. அவளுடைய தென்னையில் ஒன்று போயிருந்தது.

அடுத்த வருடம் ஊரில் சனத்தைவிட உதவி நிறுவனங்கள் கூட. எனக்குக் கொஞ்சம் இங்கிலீசும் சிங்களமும் தெரியும் என்பதால் ஒரு நிறுவனத்தில் களவேலை கிடைத்தது. அப்போது எனக்குக் கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய் வந்து என்னை ஒரு பார்வைதான் பார்த்தார். வளவைத்தான் நெடுநேரம் பார்த்தார். நேரே தண்ணீர் விளிம்புக்கு நடந்துபோய் நின்று, "ஆறு இன்னும் எவ்வளவு எடுக்கும்?" என்று கேட்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பிறகு சொல்லுகிறோம் என்று போய்விட்டார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆற்றுக்குக் கல்லெடுத்து எறிந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கரையைக் காக்கும் திட்டம் வந்தது. செங்கலடிக்கு அப்பால் பதுளை ரோட்டில் உடைத்த கருங்கல்லைக் கம்பிக் கூடுகளில் அடைத்து அடுக்குவது. கோயில் படித்துறையிலிருந்து தொடங்கி, கல் இருக்கும் மட்டும் வரும். கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் வயதானவர், பொறுமைசாலி. அளவுநாடாவின் ஒரு தலையை அவர் பிடித்தார், மறு தலையை நான் பிடித்தேன். கல் எங்கள் வளவு முடியும் வேலிவரை காணும் என்று கணக்கு வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

எஞ்சினியர் அந்த வேலியடியில்தான் நின்றார். ஈர மணலில் குந்தி, தடியால் ஒரு கோடு கீறினார். பிறகு கையை அலை மாதிரி கோட்டோரம் ஓட்டிக்கொண்டு போய், கோடு முடிந்த இடத்தில் வளைத்து, ஐந்து விரலாலும் மண்ணைக் குடைந்து எடுத்தார். கல்லில் மோதிய தண்ணீர் சும்மா போகாது, கல் முடியும் இடத்தில் திரும்பி அடுத்தவனின் கரையைத் தோண்டும் என்றார். அதனால் கடைசி இருபது அடி எடுத்து வைக்கிற தூரத்துக்குக் கல் வேண்டாம். அங்கே கரையைச் சரிவாக வெட்டிக் கண்ணாவை நடுங்கள், அந்தத் துண்டை ஆற்றுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த இருபது அடியும் என் வளவு.

சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பேசியது சிங்களமும் இங்கிலீசும். தமிழில் சொல்ல வேண்டியவள் நான். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சாள், "என்னவாம் சொல்லுறார்?" என்று கேட்டாள்.

"கல்லு இவடத்தோட முடியுதாம். உங்கட பக்கம் அடுத்த கட்டத்தில வருமாம் மச்சாள்" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அதற்குப் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவையில்லை. சோறு பரிமாறும் கை நம்முடையதாக இருந்தால் போதும். எஞ்சினியர் வேறு ஊர் வேலைக்குப் போன வாரத்தில், ஊர்ச்சனம் கேட்கிறது என்று மேற்பார்வைக்காரரிடம் சொல்லி, கடைசிக் கூட்டை வேலிக் கம்பத்தோடு ஒட்டி வைப்பித்தேன். சரிவும் இல்லை, கண்ணாவும் இல்லை. நல்ல நேராக, கத்தியால் வெட்டியது மாதிரி முடிந்தது. மாப்பிள்ளையின் தாய் மறுபடி வந்து கல்லின் மேல் ஏறி நின்று பார்த்தார். ஆவணியில் கலியாணம். மச்சாள்தான் எனக்குத் தலை கட்டிவிட்டாள்.

அடுத்த கட்டம் வரவில்லை. சண்டை திரும்பவும் மூண்டது. அக்கரையான படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து வந்து எங்கள் பள்ளிக்கூடங்களில் இருந்தது. நிறுவனம் பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றாமல் போய்விட்டது. ஊரெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வளவு கரைவதை யார் கண்டார்கள்? நான் கண்டேன். ஒவ்வொரு கச்சானுக்கும் ஒவ்வொரு மாரிக்கும் கண்டேன். என் பக்கம் ஒரு பிடி மண் அசையவில்லை. கல் முடிந்த இடத்துக்கு அங்கால் ஆறு பிறை வடிவில் கடித்துக் கடித்து உள்ளே போனது. மச்சாள் கம்பு நட்டு, முட்கொப்பு அடைத்துப் பார்த்தாள். இரண்டாவது தென்னை வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நின்று ஒரு மத்தியானம் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பியவள், அன்று திரும்பிப்போய்ச் சாப்பிடவில்லை.

எனக்கு அந்த வருடங்களில் இருப்புக் கொள்ளாது. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டுவேன். வேலிக்கு அருகே கறி கொடுப்பேன், பலகாரம் கொடுப்பேன், அவளுடைய இளையவளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. மச்சாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். "ஆத்துக்கு எங்கட வளவிலதான் ஆசைகா" என்று ஒருமுறை சொன்னாள். நான், "ஓம், ஓம்" என்றேன்.

சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன அன்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வெளியே வரவில்லை. அநேகமாக எல்லா வீட்டிலும் திரும்பி வராத ஒருவர் இருந்தார். நான் ஆற்றங்கரையில் போய் நின்றேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி நிறுவனங்கள் வரும், இரண்டாம் கட்டக் கல் வரும், நான் ஒன்றும் சொல்லாமலே தப்பிவிடுவேன் என்பதுதான். அந்த நாளில் அப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வந்தது கல் அல்ல, ரோட்டு. பளபளவென்று தார் மெழுகிய காபட் ரோட்டு, இரண்டு பக்கமும் கொங்கிறீட் கான். மழைத்தண்ணீர் முழுவதையும் கான் சேர்த்து எடுத்தது சரிதான், அதை எங்கேயாவது விட வேண்டுமே. ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒப்பந்தகாரரின் ஆள் கேட்டார். நான்தான் சங்கத்துக்குக் காரியதரிசி. "அந்த உடைஞ்ச கரைப் பக்கமா விடுங்க. அது எப்படியும் போற நிலந்தானே" என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். மச்சாள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை. நான் எழுதுகோலைப் பார்த்துக்கொண்டு, சொன்னதை அப்படியே எழுதினேன்.

முதல் மழைக்கே தெரிந்துவிட்டது. சந்தையில் மீன் கழுவிய தண்ணீர், மோட்டார்சைக்கிள் கராஜ் எண்ணெய், வீடுகளின் சவர்க்கார நுரை, சொப்பிங் பைகள், வயல் வட்டைகளுக்கு மருந்தடிக்கிற தாங்கி கழுவிய தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மச்சாளின் பின்வளவால் இறங்கின. ஆறு வெளியிலிருந்து குடைந்தது. கான் உள்ளிருந்து அரித்தது. அவளுடைய புருஷன் கரையோரம் பிடித்த மணலை மீனை வீட்டில் காய்ச்சினால் மண்ணெண்ணெய் மணம். ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மனுசன், மீன் வாங்க ஓட்டமாவடி வியாபாரியின் வான் வண்டியை எதிர்பார்த்து நின்றார்.

அந்த மாரி முடிந்த கையோடு ஒரு காலை மச்சாள் புல்ஸ்கேப் தாளோடு வந்தாள். வந்து படியில் குந்தினாள். இளையவளைக் கலியாணம் பேசி வந்தவர்கள் பின்வளவைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்களாம். மூன்றாவது தென்னையும் இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது.

"பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தாகா. கான் தண்ணியால எங்கட வளவு கரைஞ்சு போகுது எண்டு. உன்ட எழுத்து வடிவு."

நான் திகதி போட்டேன். 'ஐயா' என்று எழுதினேன். 'எமது வளவு அரிக்கப்படுவதற்கான காரணம்' வரை எழுதியபின் கை நின்றுவிட்டது. எழுதலாம். கானும் காரணம்தான், பொய்யில்லை. ஆனால் அந்த வரியை அவளுக்காக என் வடிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தால், பிறகு நான் மனுசியே இல்லை என்று பட்டது. பேனையை வைத்துவிட்டுச் சொன்னேன். எஞ்சினியர் சொன்னதை, நான் மறைத்ததை, இருபது அடியை, கூட்டத்தில் வாய் திறக்காததை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

மச்சாள் அழவில்லை. ஏசவும் இல்லை.

"தெரியுங்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். அவர் கையால மண்ணைக் குடைஞ்சு காட்டினாரே, நான் வேலிக்குள்ளால பார்த்திட்டுத்தானே நிண்டன். அலை எப்படிக் கிறுகித் திரும்பும் எண்டு வலைக்காரன்ட பெண்சாதிக்குச் சிங்களத்தில சொல்லணுமா?"

"அப்ப ஏன் மச்சாள் ஒண்டும் கேக்கல்ல?"

"கேட்டா நீ இல்லையெண்டு சொல்லுவாய். மறுகா நாம ரெண்டு பேரும் என்னண்டு வேலிக்குள்ளால கதைக்கிற? இந்த மாரிக்குச் சொல்லுவாள், இந்தக் கச்சானுக்குச் சொல்லுவாள் எண்டு இருந்தன். ஒவ்வொரு கறிக்கோப்பையோடயும் நீ வரக்குள்ள, இண்டைக்குத்தான் எண்டு நினைப்பன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். என் வளவில் பாதியை இளையவளுக்கு எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். நாளைக்கு அவர்கள் பெண்சாதி வீட்டுக்குப் போகப் போகிறவர்கள். பெண்பிள்ளை பிறக்கும், அவளுக்கு வேண்டும் என்று கட்டிக் காத்த நிலம் சீதனமாக வாங்க ஆளில்லாமல்தான் கிடந்தது. மச்சாள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"உன்ட மண்ணில என்ட புள்ளையக் குடிவைக்க ஒண்ணா. எனக்கு என்ட மண் நிக்கணும். உன்ட வீட்ட அலவாங்கு கிடக்கா?"

கிடந்தது. கட்டியவர்கள் நாட்டிலேயே இல்லை. உடைக்காதே என்று சொல்ல ஆளும் இல்லை. கம்பி ஏற்கனவே கறள் பிடித்து இற்றிருந்தது. அவள் அலவாங்கால் நெம்ப, நான் கல்லைப் புரட்டினேன். அவளுடைய புருஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாங்கினார். அக்கா ஓடி வந்து தலையில் கை வைத்தாள். "தனக்குப் போகத்தான் தானம்! அம்மா தந்த வளவ ஆத்துக்குக் குடுக்கிறாளே, பைத்தியக்காரி!" என்று ஒழுங்கை கேட்கக் கத்தினாள். அதன்பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

கடைசி இருபது அடியை ஒரு கிழமையில் பிரித்தோம். கரையைச் சரிவாக வெட்டினோம். சங்கத்தைக் கூட்டி, நான் எழுதிய தீர்மானத்தை நானே வெட்டிவிட்டு, கானை என் வளவுப் பக்கம் திருப்பக் கேட்டேன். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அடுத்தவள் நிலம் என்றால் ஊருக்கு எப்போதும் சம்மதம்தான். பிரித்த கல்லால் என் வளவில் ஒரு குழி கட்டினோம். கான் தண்ணீர் அதில் தங்கி மண்ணையும் குப்பையையும் விட்டுவிட்டுப் பன்னுக்குள் போகும். பாய் இழைக்கிற பன்தான், எண்ணெயைப் பிடிக்கும் என்று மச்சாள்தான் கொண்டுவந்து நட்டாள். பன்னைக் கடந்தபின்தான் ஆறு. சரிவில் கண்ணா விதைகளைக் குத்தினோம், முருங்கைக்காய் மாதிரி நீளமானவை. முதல் வருடம் குத்தியதை முழுவதும் கச்சான் வாரிக்கொண்டு போனது. இரண்டாம் வருடம் தடுப்புக் கம்பு நட்டுக் குத்தினோம். அதில் கொஞ்சம் நின்றது.

ஆறு என் இருபது அடியையும் எடுத்துக்கொண்டது. கேட்டதற்கு மேல் ஒரு அடியும் எடுக்கவில்லை. அவள் பக்கத்துப் பிறை அதற்கு மேல் உள்ளே வரவில்லை. மூன்றாவது தென்னை சாய்ந்தபடியே நிற்கிறது. ஆனால் போனது போனதுதான். மிஞ்சிய துண்டில் இளையவளுக்கு ஒரு வீடு கட்டினார்கள். ஒடுங்கலான வீடு, குசினிக் கதவைத் திறந்தால் முன்வீட்டு மூத்தவளின் கிணற்றுக்கட்டில் இடிக்கும். அவளைக் கட்டியவர் நல்ல மனுசன். அவருடைய ஆட்கள் மட்டும் வரும்போதெல்லாம், இவ்வளவுதானா வளவு என்று கேட்பார்கள். வேலிக்கு இங்கால் எனக்குக் கேட்கும்.

இப்போதும் மழை பெய்து விடியும் காலைகளில் நான் வாய் கொப்பளிக்கும் முன்பே கரைக்குப் போய்விடுவேன். கல் முடியும் இடத்துக்குப் போய், சரிவைப் பார்த்து, கண்ணாவின் காலைப் பார்த்து, குழியில் சேறு எவ்வளவு என்று பார்ப்பேன். மச்சாளும் வருவாள். வேலி இப்போது அந்த இடத்தில் இல்லை. அவள் பாட்டுக்கு வந்து என் பக்கத்தில் நிற்பாள். பழையபடி பகிடியும் பேசுவோம்.

"இண்டைக்கு எவ்வளவு எடுத்திருக்கு?" என்று கேட்பாள்.

"ஒண்டும் எடுக்கல்ல மச்சாள்" என்பேன். அது உண்மையாகத்தான் இருக்கும்.

"ஆ, நல்லம்கா" என்பாள். சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிவில் இறங்கிக் குனிந்து, தானே பார்ப்பாள்.